முதல் வாரம் புகைக்கலாம்

சிகரெட்டை விடுவதற்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரை இருக்கிறது என்று சொன்னால், டீக்கடை பெஞ்சில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர், "மனசு வெச்சா விடலாம், அதுக்கெதுக்கு மாத்திரை?" என்கிறார்கள். மனசு வைத்தவர்களும் அதே பெஞ்சில்தான் விரலிடுக்கில் நெருப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜனவரி ஒன்று, மகளின் கல்யாணம், சபரிமலை மாலை என்று ஆளுக்கொரு நாள் குறித்து விட்டவர்கள். மாலை போட்ட மண்டலம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய கையோடு பெட்டிக்கடைக்கு நடந்தவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது?

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கெழுதும் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், எனக்கு அண்ணன் மாதிரி. அவர் கேட்ட கேள்வி இதைவிட நியாயமானது. "ஏன் தம்பி, அந்த மாத்திரையும் மூளைக்குள்ள போயி சிகரெட் செய்யுற வேலையத்தான செய்யுது? ஒண்ண விட்டு இன்னொண்ணப் புடிக்கிறதுக்கு, இருக்கறதையே வெச்சுக்கலாமே?"

பாதி சரியான கேள்வி. அந்த மாத்திரையின் பெயர் வாரெனிக்ளின். சிகரெட்டின் நிகோட்டின் மூளையில் எங்கே போய் உட்காருமோ, இதுவும் அங்கேதான் போய் உட்காருகிறது.

ஒரு இழுப்பு இழுத்தால் நிகோட்டின் மூளைக்குப் போய்ச் சேரப் பத்து இருபது விநாடி போதும். ஊசி மூலம் நரம்பில் ஏற்றினால்கூட அதைவிடச் சீக்கிரம் போகாது. அங்கே ஆல்ஃபா4 பீட்டா2 என்று பெயரிடப்பட்ட ஏற்பிகளில் அது ஒட்ட, டோபமைன் சுரக்கிறது, ஒரு நிறைவு வருகிறது. வருடக்கணக்கில் புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடும். இரத்தத்தில் இருக்கும் நிகோட்டின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், இரவு தூங்கி எழும்போது கிட்டத்தட்ட எல்லாம் வடிந்திருக்கும். கூடிப்போன ஏற்பிகள் அத்தனையும் காலி. விடிந்ததும் முதல் சிகரெட்டுக்கு அத்தனை அவசரம் அதனால்தான்.

ஒருவருக்குப் பழக்கம் எவ்வளவு ஆழம் என்று அறிய, சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோம் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அதில் கனமான கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதல்ல. காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் ஆழம் அதிகம். அண்ணனிடம் கேட்டேன். "பாத்ரூமுக்கே அதோடதான் போவேன். இல்லாட்டி வெளிக்கி வராது" என்றார். இதைச் சொல்லிப் பலர் வெட்கப்படுகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நிகோட்டின் குடலையும் முடுக்கிவிடுகிறது. நிறுத்தினால் சில வாரம் மலச்சிக்கல் வருவது மருத்துவப் புத்தகங்களில் உள்ள அறிகுறிதான். எரிச்சல், கவனம் சிதறுவது, தூக்கமின்மை, அகோரப் பசி எல்லாம் அதோடு சேர்ந்து வரும். முதல் மூன்று நாள் உச்சம். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, வாரெனிக்ளின் செய்வது அதுதான். நிகோட்டின் உட்கார வேண்டிய சீட்டில் முன்னாடியே துண்டு விழுந்துவிடுகிறது. சீட் முழுக்கக் காலியாக இல்லை என்பதால் மூளை தவிப்பதில்லை. நிகோட்டின் கொடுக்கும் தூண்டுதலில் ஒரு பங்கை இதுவும் கொடுக்கிறது. அதற்கு மேல் ஒருவர் சிகரெட் பற்றவைத்தால், உள்ளே வரும் நிகோட்டினுக்கு உட்கார இடமில்லை. புகை போகிறது, வருகிறது, அந்த நிறைவு மட்டும் வருவதில்லை. "சப்புன்னு இருக்கு" என்பார்கள். அண்ணன் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது: வேலை செய்யும் இடம் ஒன்று, செய்யும் வேலை பாதிதான். சிகரெட்டைப் போல் நொடியில் ஏறி இறங்குவதும் இல்லை, மெதுவாக ஏறி நாள் முழுக்க நிற்கிறது. அந்தத் திடீர் ஏற்ற இறக்கம்தான் ஒருவரை அடிமையாக்குவது.

இதன் பூர்வீகம் ஒரு மரம். ஐரோப்பாவில் லபர்னம் என்ற மரம், பார்த்தால் நம்மூர் சரக்கொன்றைதான், அப்படியே மஞ்சள் சரமாகத் தொங்கும். அதன் விதையில் சைட்டிசின் என்ற பொருள் இருக்கிறது. நிகோட்டினைப் போலவே செயல்படும் விஷம். போர்க்காலத்தில் புகையிலை கிடைக்காத சிப்பாய்கள் அந்த இலையைச் சுருட்டிப் புகைத்ததாகச் சொல்வார்கள். பல்கேரியாவில் 1964லேயே அதை டாபெக்ஸ் என்ற பெயரில் மாத்திரையாக்கி விற்றார்கள். அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும் பல ஆண்டுகள் அதைக் கவனிக்கவே இல்லை. பிறகு ஃபைசர் கம்பெனியின் குரோட்டன் ஆய்வுக்கூடத்தில் ஜோத்தம் கோ என்ற வேதியியலாளரும் அவர் குழுவினரும் சைட்டிசினை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான் வாரெனிக்ளின். 2006 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதித்தது; அங்கே சாண்டிக்ஸ், மற்ற நாடுகளில் சாம்பிக்ஸ் என்று வந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் சரக்கொன்றையில் கஷாயம் வைத்துவிடாதீர்கள். அது வேறு மரம். வயிறுதான் கழியும்.

எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் பலருக்கும் சறுக்குகிறது, ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்கும் அன்றே சிகரெட்டை நிறுத்த வேண்டியதில்லை. முதல் மூன்று நாள், அரை மில்லிகிராம் மாத்திரை ஒருவேளை. நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை அதே அரை மில்லிகிராம், காலையும் மாலையும். எட்டாம் நாளிலிருந்து ஒரு மில்லிகிராம் இரண்டு வேளை. அந்த எட்டாம் நாளைத்தான் நிறுத்தும் நாளாக முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். அதற்கு முந்தைய வாரம் புகைக்கலாம். சொல்லப்போனால், புகைக்கும்போதுதான் அந்தச் சப்பென்ற உணர்வை மூளை பழகிக்கொள்கிறது. எட்டாம் நாள் முடியவில்லை என்றால் ஐந்தாவது வாரத்துக்குள் ஏதாவது ஒரு நாள் நிறுத்தலாம். ஒரேயடியாக முடியாது என்பவர்களுக்கு, நான்கு வாரத்தில் பாதி, அடுத்த நான்கு வாரத்தில் அதிலும் பாதி என்று குறைத்து, பன்னிரண்டாம் வாரத்துக்குள் பூஜ்யத்துக்கு வரும் முறையும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

மாத்திரை வழக்கமாக மொத்தம் பன்னிரண்டு வாரம். இதைக் கேட்டதும் அண்ணன் முகம் சுருங்கியது. "மூணு மாசமா? அதான் நாலு வாரத்துல எல்லாம் அடங்கிரும்னியே?" உடம்பின் தவிப்பு அடங்கிவிடும்தான். ஆனால் மாலை கழற்றிய சாமிகளை நினைத்துப் பாருங்கள். மண்டலம் முடிவதற்குள் உடம்பு தவிப்பிலிருந்து வெளியே வந்திருக்கும். பிறகும் இழுத்தது எது? டீ கிளாஸ், லோடு ஏற்றிவிட்டு வரும் டிரைவர்களின் பேச்சு, சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்த ஐந்து நிமிடம். இவற்றோடு சிகரெட்டை மூளை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அந்த முடிச்சு ஒவ்வொன்றும், புகைக்காமலே அந்த இடத்தைப் பலமுறை கடந்த பிறகுதான் தளரும். அப்படிக் கடக்கும்போது பாதுகாப்பாகக் கூட இருப்பதற்குத்தான் மிச்ச இரண்டு மாதம். நன்றாக விட்டவர்களுக்கும், திரும்பாமல் இருக்க இன்னொரு பன்னிரண்டு வாரம் எழுதுவது உண்டு.

ஆனால் பலரும் பன்னிரண்டாம் வாரம் வரை போவதில்லை. முதல் வாரத்திலேயே, "எனக்கு ஒத்துக்கல" என்று அட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். ஏன் என்று பார்த்தால் பெரும்பாலும் குமட்டல். ஆய்வுகளில் முழு அளவு சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு அது வந்தது. வெறும் வயிற்றில் போட்டால் பிரட்ட வாய்ப்பு அதிகம். நம் ஆட்களின் காலை உணவு என்ன? ஒரு டீ, ஒரு தம். அதன் மேல் மாத்திரையைப் போட்டால் வயிறு சும்மா இருக்காது. இரண்டு இட்லியாவது உள்ளே போக வேண்டும். பிறகு மாத்திரை, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. டீயில் விழுங்குவது கூடாது. அப்படியும் பிரட்டினால் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார். குறைந்த அளவும் வேலை செய்யும், விட்டுவிட்டால்தான் ஒன்றும் செய்யாது.

அடுத்தது கனவு. பட்டப்பகல் போலத் துல்லியமான, விசித்திரமான கனவுகள் வரும். பயப்பட வேண்டியதில்லை, இரண்டாவது மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடாமல் மாலையிலேயே சாப்பாட்டோடு போட்டுவிட்டால் குறையும். இந்த மாத்திரையைத் தொடங்கிய பிறகு குடி வழக்கத்தைவிட அதிகமாக ஏறுகிறது, நடந்தது நினைவில் இல்லை என்று சிலர் சொன்னதால் அமெரிக்க மருந்துத் துறை 2015ல் ஒரு எச்சரிக்கை சேர்த்தது. மாலையில் கட்டிங் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லாரி ஆபீஸ் என்பதால் இன்னொன்றும் சொன்னேன். அமெரிக்காவில் விமானிகள் இதைச் சாப்பிடக் கூடாது என்று 2008ல் தடை வந்தது. சிலருக்குத் தலைசுற்றலும் கவனக்குறைவும் வரலாம் என்பதால், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை டிரைவர்கள் இரவு லோடு எடுக்காமல் இருப்பது நல்லது.

பெஞ்சில் இருந்த ஒரு பையன் செல்போனைத் திருப்பிக் காட்டினான். "தற்கொலை எண்ணம் வரும்னு போட்டிருக்கு சார்." உண்மைதான், அப்படி ஒரு காலம் இருந்தது. 2009ல் அமெரிக்காவில் அந்த மருந்துப் பெட்டியின் விவரத்தாளில் கறுப்புக் கட்டம் போட்டு அந்த எச்சரிக்கையை அச்சிட வைத்தார்கள். புகையை நிறுத்துவதே மனதைக் கலக்கும் விஷயம். கலங்கியது நிறுத்தியதாலா, மாத்திரையாலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்கவே 16 நாடுகளில் 8,144 பேரை வைத்து ஈகிள்ஸ் என்று ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்களில் சுமார் பாதிப் பேர் ஏற்கெனவே மனநலப் பாதிப்பு இருந்தவர்கள். 2016ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வாரெனிக்ளின் சாப்பிட்டவர்களுக்கு மனப் பாதிப்பு குறிப்பிடும்படி அதிகமாகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கறுப்புக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். மனநிலை மாறுவதுபோல் தோன்றினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்ற விதி மட்டும் இன்னும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

பலன் எவ்வளவு என்பதற்கும் அந்த ஆய்வே சாட்சி. ஒன்பதாம் வாரத்திலிருந்து இருபத்து நான்காம் வாரம் வரை ஒன்றுகூடத் தொடாமல் இருந்தவர்கள், வாரெனிக்ளின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 22 பேர். புப்ரோப்பியான் என்ற இன்னொரு மாத்திரையிலும், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையிலும் 16 பேர். வெறும் மாத்திரையில் 9 பேர். நூற்றுக்கு 22 என்றால் மீதி 78 பேர் என்ன ஆனார்கள் என்று அண்ணன் உடனே கேட்டார். கணக்கெழுதுகிறவர் அல்லவா! அவர்கள் மறுபடி முயல வேண்டியவர்கள். இது மந்திரமில்லை. ஆனால் ஒன்பது, இருபத்திரண்டு ஆவது சின்ன விஷயமும் இல்லை.

நடுவில் 2021ல் ஒரு கூத்து நடந்தது. இந்த மாத்திரையில் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய நைட்ரோசமைன் வகைப் பொருள் ஒன்று அளவுக்கு மேல் இருப்பதாகத் தெரிந்து, ஃபைசர் தன் சரக்கைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் வேறு கம்பெனியின் ஜெனரிக் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. நைட்ரோசமைனுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு சிகரெட்டுக்குத் திரும்புவதைப் போல அபத்தம் வேறில்லை. புகையிலைப் புகையிலேயே அந்த வகைப் பொருள்கள் நிறைய இருக்கின்றன. அதே 2021ல்தான் உலக சுகாதார நிறுவனம் வாரெனிக்ளினையும் புப்ரோப்பியானையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

புப்ரோப்பியானை முதலில் உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த நரிமன் மேத்தா. மனச்சோர்வுக்கான மருந்தாக வந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குச் சிகரெட் ஆசை தானாகக் குறைந்ததைக் கவனித்துப் பிறகு ஆராய்ந்தார்கள். 1997ல் புகை நிறுத்தும் மருந்தாகவும் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் இதற்கு வரும் தடை வேறு. வீட்டில் யாராவது மாத்திரைப் பெயரைத் தேடிப் பார்த்து, "இது மனநோய் மாத்திரை, டாக்டர் மாத்தி எழுதிட்டார்" என்று நிறுத்திவிடுவார்கள். மாற்றி எழுதவில்லை. வாய் வறளும், தூக்கம் கொஞ்சம் கெடும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் வலிப்பு வந்தவர்களுக்கு இது கூடவே கூடாது. தினமும் அதிகம் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்துகிறவர்களுக்கும் கூடாது. "ரெண்டையும் ஒரே நாள்ல விட்டுர்றேன்" என்று வைராக்கியமாகக் கிளம்புகிறவர்கள் குடிக்கணக்கை டாக்டரிடம் மறைத்தால் அது வலிப்பில் போய் முடியலாம்.

நிகோட்டின் சூயிங்கம் பலருக்கும் தெரியும். சுவீடனில் நீர்மூழ்கிக் கப்பல்களில் புகைக்க முடியாத மாலுமிகள் புகையிலை மென்றதைப் பார்த்து வந்த யோசனை அது. இங்கே 2 மில்லிகிராம் கம் சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கிடைக்கும், 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். விழித்த அரைமணிக்குள் புகைப்பவருக்கு 2 பத்தாது. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல், அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளுவது. எச்சிலோடு நிகோட்டின் வயிற்றுக்குள் போனால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுரீர் என்றதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் அடங்கினால் மறுபடி இரண்டு மெல். இப்படி அரைமணி நேரம். வாய்த்தோல் வழியாகத்தான் அது உள்ளே போகிறது. டீயோ காபியோ எலுமிச்சை சோடாவோ குடித்த வாயில் சரியாக உறிஞ்சப்படாது. கால்மணி நேரம் இடைவெளி வேண்டும். டீ குடித்ததும்தான் ஆசை வரும், அந்த நேரத்தில்தான் கம் வேலை செய்யாது! ஆகவே டீக்கு முன்னால் மென்று முடிப்பது நல்லது.

டீ பற்றி இன்னொன்று. புகையை நிறுத்தியவர்கள் இரண்டாம் வாரத்தில், "படபடன்னு வருது, ராத்திரி தூக்கமே இல்ல, கை நடுங்குது, சிகரெட்டை விட்டதால்தான்" என்பார்கள். பல நேரம் காரணம் டீ. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அந்த நொதிதான் காஃபீனைச் சிதைப்பது. புகைப்பவரின் உடம்பில் காஃபீன் சீக்கிரம் கரைந்துவிடும். புகை நின்றதும் நொதி பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும், குடிக்கும் டீ மட்டும் அதே ஆறு கிளாஸ். இரத்தத்தில் காஃபீன் இரண்டு மடங்குவரை ஏறலாம். இது நிகோட்டின் செய்யும் வேலை இல்லை, புகை செய்வது. கம்மோ பட்டையோ போட்டாலும் மாறாது. நிறுத்தும் நாளிலிருந்து ஆறு டீயை மூன்றாக்கினால் போதும்.

இதே நொதி சில மருந்துகளையும் சிதைக்கிறது. மூச்சிரைப்புக்கு டெரிஃபிலின் போன்ற தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மனநலச் சிகிச்சையில் ஓலன்ஸபினோ க்ளோஸபினோ எடுப்பவர்கள், புகையை நிறுத்தப்போவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பழைய அளவே தொடர்ந்தால் மருந்து உடம்பில் கூடிவிடும்.

எடை சராசரியாக நான்கைந்து கிலோ ஏறும். ஏறட்டும், அதைப் பிறகு பார்க்கலாம்.

நடுவில் ஒருநாள் கல்யாண வீட்டில் ஒன்று பற்றவைத்துவிட்டால்? மாத்திரையை நிறுத்தக் கூடாது. "எப்படியும் பிடிச்சிட்டேன், இனி மாத்திரை எதுக்கு" என்று எண்ணுவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. மறுநாள் காலை இட்லி, மாத்திரை, தண்ணீர், வழக்கம்போல. ஒன்று பிடித்ததால் கெட்டுப்போன சிகிச்சையைவிட, ஒன்று பிடித்ததற்காக நிறுத்திக் கெட்டுப்போன சிகிச்சைதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

யாரிடம் போவது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். குடும்ப டாக்டரே எழுதலாம். நெஞ்சக மருத்துவரும் மனநல மருத்துவரும் எழுதுவார்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதலே இதற்கென்று பிரிவு உண்டு. சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஓர் இலவச எண் அச்சிட்டிருக்கிறார்கள். தினம் அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்திருப்பவர்கள்கூட அதைப் படித்ததில்லை. அந்த எண்ணை அழைத்தால் பேசி வழிகாட்டுவார்கள். பேச்சும் மாத்திரையும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிடப் பலன் கூடும்.

அண்ணன் எழுந்திருக்கும்போது, தனக்காக இல்லாமல் மாமனாருக்காக ஒன்று கேட்டார். "அவரு பீடி. நாளைக்கு ரெண்டு கட்டு. அவருக்கும் இது கேக்குமா?" கேட்கும். பீடியில் புகையிலை கொஞ்சம்தான், ஆனால் இழுத்துக்கொண்டே இருக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் இழுப்பு அதிகம், உள்ளே போகும் நிகோட்டினும் தாரும் சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. மூளைக்குள் நடப்பது ஒன்றேதான். "ஆனா அண்ணே, மாமாவுக்குச் சர்க்கரை இருக்குன்னீங்களே, கிட்னி எப்படி?" என்றேன். வாரெனிக்ளின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியே போகிறது. சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் அளவைப் பாதியாக்க வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கடைசியாக எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும், மாமா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.